மன்னாருக்குக் குழாய் வந்தால் காஸ் வரிசை போய்விடுமா?

முல்லைத்தீவிலிருந்து ஒரு தம்பி மூன்று விடயம் கேட்டிருக்கிறார். இந்தியாவிலிருந்து குழாய் வரப்போகிறது, மன்னார்க் கடலிலும் காஸ் இருக்கிறது என்று செய்தியில் அடிக்கடி வருகிறதே, இவை வந்தால் சிலிண்டர் விலை குறையுமா, 2022 மாதிரி வரிசையில் நிற்கத் தேவையிராதா என்பது முதலாவது. இந்தியா கோபித்துக்கொண்டு ஒரு நாள் குழாயைப் பூட்டினால் என்ன செய்வது என்பது இரண்டாவது. மடுப் பக்கம் இருக்கும் அம்மப்பாவின் வயல்காணிக்குள்ளால் குழாய் போனால் காணி பறிபோகுமா என்பது மூன்றாவது.

சிலிண்டர் விலை குறையாது. பூட்டுவார்கள் என்ற பயம் நியாயமானது, ஆனால் எங்களுக்கு நடந்த கெடுதி வேறு பக்கத்தாலும் வந்திருக்கிறது. காணிக்குள்ளால் குழாயை விட மின்கோபுரம் வருவதற்கே வாய்ப்பு அதிகம். இதுதான் பதில். காரணங்களைத் தெரிந்துகொள்ள விருப்பமென்றால் தொடர்ந்து வாசியுங்கள், கொஞ்சம் நீளம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். அடுப்புக்கு வரும் சிலிண்டரில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும். கொஞ்சம் அழுத்தம் கொடுத்தாலே திரவமாகிவிடும், அதனால்தான் 12.5 கிலோவை ஒரு இரும்புச் சிலிண்டருக்குள் அடைத்து மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வர முடிகிறது. நிலத்துக்கடியிலும் கடலுக்கடியிலும் எடுக்கும் இயற்கை வாயு பெரும்பாலும் மீத்தேன். சாதாரண வெப்பநிலையில் அதை எவ்வளவு அழுத்தினாலும் திரவமாகாது. மைனஸ் 162 பாகை வரை குளிரவைக்க வேண்டும், அப்போது கனவளவு 600 இல் ஒரு பங்காகச் சுருங்கும். ஆகவே மீத்தேனைக் கடல் தாண்டிப் பெருமளவில் கொண்டுவர நடைமுறையில் இரண்டே வழி: ஒன்று குழாய், மற்றது கடுங்குளிர்த் தொட்டி பூட்டிய கப்பல். இலங்கையில் இன்றைக்கு எந்த வீட்டு அடுப்பும் இந்த இயற்கை வாயுவில் எரிவதில்லை. மன்னாருக்கு நாளைக்கே மீத்தேன் குழாய் வந்தாலும் அது போய்ச் சேரும் இடம் மின்நிலையம். உங்கள் வீட்டுச் சிலிண்டர் வழமை போல கெரவலப்பிட்டியிலோ அம்பாந்தோட்டையிலோ கப்பலில் இறங்கி, லொறியில்தான் வரும். சென்னை, கோயம்புத்தூர் மாதிரி ஊர்களில் வீட்டுக்கு வீடு குழாய் போடுகிறார்களே என்று கேட்பீர்கள். அங்கே ஒரு தெருவில் நூறு அடுப்பு. ஒட்டுசுட்டானில் ஒரு படலைக்கும் அடுத்த படலைக்கும் இடையில் ஒரு தென்னந்தோட்டம். எந்த நிறுவனமும் அதற்குக் குழாய் தாழ்க்காது.

அடுத்தது, செய்தியில் வரும் இந்தியக் குழாய் மீத்தேன் குழாயே அல்ல. 2023 ஜூலையில் ரணில் விக்கிரமசிங்க டில்லி போனபோது வெளிவந்த கூட்டறிக்கையில் இருந்ததும், 2024 டிசம்பரில் அநுர குமார திசாநாயக்க போனபோது திரும்ப வந்ததும், பெற்றோல், டீசல் போன்ற பல எரிபொருட்களை மாறி மாறி அனுப்பக்கூடிய குழாய். 2025 ஏப்ரல் 5 இல் மோடி கொழும்புக்கு வந்தபோது இந்தியா, இலங்கை, ஐக்கிய அரபு இராச்சியம் மூன்றும் திருகோணமலையை எரிசக்தி மையமாக்குவதற்குக் கையெழுத்திட்டன. அதிலும் இந்தக் குழாய் இருக்கிறது. பேசப்படும் பாதை நாகப்பட்டினத்திலிருந்து திருகோணமலை. அங்கே இரண்டாம் உலகப்போர்க் காலத்து எண்ணெய்த் தாங்கிகள் 99 இருக்கின்றன. 2022 ஜனவரி உடன்படிக்கைப்படி அவற்றில் 61 இரு நாட்டுக் கூட்டு நிறுவனத்துக்கு, 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 14 இந்திய எண்ணெய் நிறுவனத்தின் இலங்கைக் கிளையான லங்கா ஐஓசிக்கு. குழாய்க்குத் திருகோணமலையைப் பார்க்கிறார்கள் என்றால் இந்தத் தாங்கிகள்தான் காரணம், மன்னாரில் அப்படி எதுவும் கிடையாது.

சரி, மன்னார்க் கடல் காஸ்? அது பொய்யில்லை. 1970களிலேயே சோவியத் உதவியோடு பேசாலையில் கிணறு தோண்டினார்கள், பயன் தரவில்லை. 2011 இல் கெய்ர்ன் நிறுவனம் மன்னார்ப் படுகையில் ஆழ்கடலில் துளையிட்டபோது டொராடோ, பராகுடா என்று இரண்டு கிணறுகளில் வாயு கண்டது. இரண்டும் ஆயிரம் மீற்றருக்கு மேற்பட்ட ஆழமான தண்ணீரில். மேலும் துளைத்தும் எதிர்பார்த்த அளவு கிடைக்காமல், எண்ணெய் விலையும் விழுந்த நேரத்தில், 2015 இல் அந்த நிறுவனம் கைவிட்டுப் போனது. 2021 இல் புதிய பெற்றோலிய வளச் சட்டம் வந்தது. வாயு இன்னும் கடலடியிலேயே கிடக்கிறது. இதில் எங்கள் ஆட்கள் பலர் கவனிக்காத ஒன்று: படுகைக்குப் பெயர் மன்னார் என்றாலும் கிணறுகள் இருக்கும் இடம் மன்னார்த் தீவை விடக் கற்பிட்டிப் பக்கத்துக்குக் கிட்ட. என்றைக்காவது எடுத்தால் அது கரையேறுவது நுரைச்சோலைப் பக்கமாகவோ கொழும்புப் பக்கமாகவோதான் இருக்கும், ஏனென்றால் பெரிய மின்நிலையங்கள் அங்கேதான். வன்னிக்கு அதில் வேலைவாய்ப்பு வரும் என்று மேடையில் யாராவது சொன்னால் எந்தக் கரையில் என்று கேளுங்கள்.

இனி இரண்டாவது கேள்வி. இதற்குத்தான் கொஞ்சம் இடம் வேண்டும்.

எரிபொருள் இல்லாமல் போவதில் இரண்டு வகை உண்டு. நடுவில் யாரோ பாதையைப் பூட்டுவது ஒன்று. பாதை திறந்திருந்தும் வாங்கக் காசு இல்லாமல் போவது மற்றது. உலகத்தில் பல சனத்துக்கு ஏதோ ஒன்றுதான் தெரியும். வன்னிக்கு இரண்டும் தெரியும்.

தொண்ணூறுகளில் அரசாங்கத்தின் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் பெற்றோல், டீசல், பற்றரி எல்லாம் தடைப்பட்ட பொருட்கள். மண்ணெண்ணெய் பங்கீட்டில் அளந்துதான் வரும். மோட்டார் சைக்கிளைச் சொட்டுப் பெற்றோலில் உதைத்துக் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். ஜாம் போத்தல் விளக்கில் பிள்ளைகள் படித்தார்கள், சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலியில் செய்தி கேட்டார்கள். கண்டியிலிருந்து வன்னி வழியாக யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதி 2002 ஏப்ரலில் திறந்தது, 2006 ஓகஸ்டில் திரும்பப் பூட்டப்பட்டது. கொழும்பில் எரிபொருள் தாராளமாக இருந்தது. வவுனியாவுக்கு வடக்கே ஓமந்தைச் சோதனைச் சாவடியைத் தாண்டி வராது, அவ்வளவுதான்.

2022 இல் நடந்தது இதற்கு நேர்மாறு. எந்த நாடும் எங்களுக்கு எதையும் பூட்டவில்லை. சமையல் காஸ் ஏற்றிய கப்பல் கொழும்புக் கடலிலேயே நின்றது. டொலர் கட்டாமல் இறக்க முடியவில்லை. ஏப்ரல் 12 இல் அரசாங்கம் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. 2021 நடுப்பகுதியில் 1,500 ரூபாயை ஒட்டி விற்ற 12.5 கிலோ சிலிண்டர் 2022 ஏப்ரலில் 4,860 ரூபாய். அந்த ஓகஸ்டில் மண்ணெண்ணெய் 87 ரூபாயிலிருந்து ஒரே நாளில் 340 ஆனது. கொழும்புப் பத்திரிகைகள் பெற்றோல் வரிசையைப் பற்றித்தான் அதிகம் எழுதின. முல்லைத்தீவிலும் முழங்காவிலிலும் வெளியிணைப்பு இயந்திரப் படகில் கடற்றொழிலுக்குப் போகிறவர்களுக்கும், இரண்டு அங்குலப் பம்பில் தோட்டத்துக்கு இறைக்கிறவர்களுக்கும் இந்த மண்ணெண்ணெய் விலைதான் அந்த வருடத்தின் பேரிடி.

இப்போது யோசியுங்கள். 2022 இல் நாகப்பட்டினத்திலிருந்து ஒரு குழாய் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? குழாயில் வருவதற்கும் காசு கட்டத்தான் வேண்டும். அயல்நாடு என்று கொஞ்ச நாள் கடனுக்குத் தந்திருக்கலாம். உண்மையில் குழாய் இல்லாமலே இந்தியா அந்த வருடம் எரிபொருளுக்குக் கடன் வசதி தந்தது. ஆகவே காசில்லாத பஞ்சத்துக்குக் குழாய் மருந்தில்லை. கப்பல் வாடகையிலும் இறக்குக் கூலியிலும் கொஞ்சம் மிஞ்சும், அதை நான் மறுக்கவில்லை.

பங்களாதேஷ் இதற்கு நல்ல உதாரணம். இந்தியாவின் கொட்டாவில் அதானியின் 1,600 மெகாவாட் நிலக்கரி நிலையம் முழுக்க பங்களாதேஷுக்கென்றே கட்டப்பட்டது. 2024 ஒக்டோபர் கடைசியில் பாக்கிக் கணக்கு ஏறிப்போனதால் நிறுவனம் மின்சாரத்தைப் பாதியாகக் குறைத்தது. டாக்காவில் ஆட்சி மாறி இரு நாட்டு உறவும் கசந்திருந்த நேரம்தான். ஆனாலும் வெட்டுக்குச் சொன்ன காரணம் பாக்கி. அதே பங்களாதேஷுக்கு சிலிகுரியிலிருந்து பார்பதிப்பூர் வரை 2023 மார்ச்சில் திறந்த சுமார் 130 கிலோமீற்றர் டீசல் குழாயும் உண்டு. உறவு கசந்த பிறகும் அதில் டீசல் போனது. பக்கத்து நாடு பகையானால் உடனே எல்லாவற்றையும் பூட்டும் என்று ஒரே சட்டமாகச் சொல்ல முடியாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

பூட்டவே மாட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. நேபாளத்தைப் பாருங்கள். 2015 செப்டெம்பரில் புதிய அரசியலமைப்பு வந்தது, தெற்குச் சமவெளியில் போராட்டம் வெடித்தது, எல்லையில் லொறிகள் நின்றுவிட்டன. டில்லி தாங்கள் பூட்டவில்லை என்றது, காத்மண்டு பூட்டினார்கள் என்றது. 2016 பெப்ரவரி வரை காத்மண்டுவில் சமையல் காஸுக்கும் பெற்றோலுக்கும் தட்டுப்பாடு, விறகு எரித்தார்கள். அதற்குப் பிறகு நேபாளம் என்ன செய்தது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. 2019 இல் மோதிஹாரியிலிருந்து அம்லேக்கஞ்ச் வரை 69 கிலோமீற்றர் எண்ணெய்க் குழாயை இந்தியாவோடு சேர்ந்தே திறந்தது. பூட்டினவர்கள் என்று குற்றம் சாட்டியவர்களோடேயே! ஆனால் அதோடு நிற்கவில்லை. ஆற்று நீர் மின்சாரத்தைப் பெருக்கி, மழைக் காலத்தில் இந்தியாவுக்கே விற்கிறது. புதிதாக இறக்கும் கார்களில் பெரும்பகுதி மின்சாரக் கார். சார்ந்திருப்பது தீரவில்லை. மற்றப் பக்கத்துக்கும் ஒரு தேவை உருவாகிவிட்டது.

ஐரோப்பாவின் கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான், இரண்டு இடம் மட்டும் சொல்கிறேன். 2009 ஜனவரியில் ரஷ்யாவுக்கும் உக்ரைனுக்கும் விலைத் தகராறு முற்றி, இரண்டு கிழமைக்குக் கிட்ட வாயு நின்றபோது உறைந்து போனது பல்கேரியா. சண்டையில் அதற்குச் சம்பந்தமே கிடையாது. ஒரே குழாயின் நுனியில் இருந்தது, அதுதான் குற்றம். அதற்குப் பிறகு ஐரோப்பிய ஒன்றியம் ஒரு விதி கொண்டுவந்தது: ஒவ்வொரு நாடும் தன் மிகப் பெரிய ஒற்றை வழி அறுந்தாலும் மிச்ச வழிகளால் தேவையைச் சமாளிக்கக் கூடியதாக இருக்க வேண்டும். இரண்டாவது லித்துவேனியா. எங்களைப் போலச் சின்ன நாடு, முழு வாயுவையும் ரஷ்யாவிடம் வாங்கிக்கொண்டிருந்தது. 2014 இல் கிளைப்பெடா துறைமுகத்தில் ஒரு மிதக்கும் திரவ வாயு முனையத்தை, அதாவது குளிர்த் தொட்டியில் வரும் திரவ மீத்தேனை வாங்கி ஆவியாக்கும் கப்பலை, வாடகைக்குக் கொண்டுவந்து நிறுத்தியது. கப்பலுக்குச் சுதந்திரம் என்று பெயர் வைத்தார்கள். கப்பல் வந்து சேர முன்னமே ரஷ்ய நிறுவனம் விலையைக் குறைத்துவிட்டது. இரண்டாவது கதவு வேலை செய்யத் தொடங்க முன்பே முதலாவது கதவின் வாடகை இறங்கியது. எரிசக்திப் பாதுகாப்பு என்று பெரிய சொல்லில் பேசுவதெல்லாம் பாதிக்கு மேல் இந்தப் பேரம் பேசும் பலம்தான் என்பது என் அபிப்பிராயம்.

ஜேர்மனி இதை மறந்தது. 2011 இல் ரஷ்யாவிலிருந்து பால்டிக் கடலடியால் 1,200 கிலோமீற்றருக்கு மேல் நீளமான நோர்ட் ஸ்ட்ரீம் குழாய் ஓடத் தொடங்கியது, வருடத்துக்கு 5,500 கோடி கன மீற்றர் கொள்ளும். மலிவு வாயு என்று அதில் சாய்ந்துகொண்டார்கள். 2022 இல் வரத்துக் குறைந்து, நின்று, செப்டெம்பர் 26 இல் கடலடியில் வெடித்தும் போனது. ஜேர்மனி பணக்கார நாடு, உலகச் சந்தையில் என்ன விலை சொன்னாலும் கொடுத்துத் திரவ வாயுக் கப்பல்களை இழுத்துக்கொண்டது. அந்த இழுப்பில் விலை ஏறி, வாங்க முடியாமல் பாகிஸ்தானும் பங்களாதேஷும் இருட்டில் இருந்தன. பால்டிக் கடலில் ஒரு குழாய் நின்றால் டாக்காவில் விளக்கு அணையும் காலம் இது. இதில் ஏழை நாடு கற்க வேண்டியது, எந்த எரிபொருளை நம்பினாலும் பணக்காரன் அதைத் தேடி வராத நாளில்தான் அது மலிவு என்பது.

சரி, மீத்தேன் குழாய் ஒன்று இந்தியாவிலிருந்து மன்னாருக்கு வரவே முடியாதா? பொறியியலாகப் பார்த்தால் முடியும், அதுவும் சுலபமாக. இராமநாதபுரத்திலிருந்து தூத்துக்குடிக்கு 143 கிலோமீற்றர் வாயுக் குழாய் 2021 பெப்ரவரியில் திறக்கப்பட்டது. இராமேசுவரம் தீவின் தனுஷ்கோடி முனைக்கும் தலைமன்னாருக்கும் இடையில் கடல் சுமார் முப்பது கிலோமீற்றர், பாக்கு நீரிணைப் பக்கம் ஆழமும் குறைவு. பால்டிக்கோடு ஒப்பிட்டால் இது வாய்க்கால். தடுப்பது கணக்கு. 300 மெகாவாட் வாயு மின்நிலையம் ஒன்று நாள் முழுக்க நன்றாக ஓடினால் ஏறத்தாழ பத்து இலட்சம் கன மீற்றர் வாயு குடிக்கும். நோர்ட் ஸ்ட்ரீம் மாதிரி ஒன்றில் நாளுக்கு வந்தது அதைப் போல 150 மடங்கு. இலங்கை முழுவதின் உச்ச மின்தேவையே 3,000 மெகாவாட்டை ஒட்டித்தான். பத்துப் பதினைந்து மடங்கு பெரிய வாடிக்கையாளருக்கென்று உருவான தொழில்நுட்பத்தை ஒரு சின்னத் தீவுக்குப் போட்டால், ஒவ்வொரு அலகு மின்சாரத்தின் தலையிலும் குழாய்ச் செலவு ஏறி உட்காரும்.

இன்னொன்றும் உண்டு. இந்தியா தான் எரிக்கும் வாயுவில் பாதியளவை இறக்குமதி செய்யும் நாடு. அந்தக் குழாயில் எங்களுக்கு வருவதும் கட்டாரிலிருந்தோ வேறெங்கிருந்தோ கப்பலில் வந்து இந்தியத் துறைமுகத்தில் ஆவியாக்கிய வாயுவாக இருக்கலாம். உலக விலையும் கட்டி, நடுவில் ஒருவருக்குக் கூலியும் கட்டி வாங்குவதற்குப் பெயர் மலிவு அல்ல. கெரவலப்பிட்டியில் மிதக்கும் முனையம் போடுவது என்று இந்திய, ஜப்பானிய நிறுவனங்களோடு ஒரு பேச்சு, 2021 இல் அமெரிக்காவின் நியூ போர்ட்ரஸ் நிறுவனத்தோடு ஒரு ஒப்பந்தமும் அதற்கு எதிரான வழக்கும் என்று வருடங்கள் ஓடிவிட்டன. வாயுவில் ஓடுவதற்கென்று கட்டிய 350 மெகாவாட் சோபாதனவி நிலையம் வாயுவைக் காணாமலேயே எண்ணெயில் ஓடத் தொடங்கியது. இதைத்தான் முதலில் சரி செய்ய வேண்டும், மன்னார்க் குழாயை அல்ல.

கடலில் வேறொரு தொல்லையும் இருக்கிறது. ஆழமில்லாத கடலில் குழாய் போட்டால் அடித்தளத்தில் பள்ளம் வெட்டிப் புதைக்க வேண்டும், நங்கூரமும் இழுவை மடியும் பட்டால் ஆபத்து. 2023 ஒக்டோபரில் பின்லாந்துக்கும் எஸ்தோனியாவுக்கும் இடையிலான வாயுக் குழாயை ஒரு கப்பலின் நங்கூரம் இழுத்து உடைத்தது. பாக்கு நீரிணையில் இரவுக்கு இரவு எத்தனை இந்திய இழுவைப் படகு வருகிறது என்று மன்னார், முல்லைத்தீவுத் தொழிலாளர்களைக் கேளுங்கள். இலங்கை 2017 இல் இழுவை மடியைச் சட்டத்தால் தடை செய்தது, கடலில் அது நிற்கவில்லை. குழாய் வந்தால் அதன் இரு பக்கமும் தொழில் செய்யத் தடை வலயம் வரும். அந்தத் தடை உள்ளூர்ச் சின்னப் படகுக்காரர் மேல் ஒழுங்காக அமுலாகும், மற்றவர் மேல் ஆகாது என்பதுதான் எனக்குள்ள சந்தேகம். கடற்படைக்கு இன்னொரு காவல் வேலையும் கிடைக்கும்.

அப்புறம், வன்னிக்கு எதுதான் பாதுகாப்பு? என்னைக் கேட்டால் நான் பார்ப்பது கம்பியை. மதுரைப் பக்கத்திலிருந்து மன்னார்க் கரையேறி அனுராதபுரம், ஹபரணைப் பக்கம் போகும் உயர் அழுத்த நேர்மின் இணைப்பு ஒன்றைப் பற்றிப் பல வருடமாகப் பேசுகிறார்கள். மேலே சொன்ன அறிக்கைகளிலும் அது உண்டு. மின்கம்பிக்கு ஒரு குணம் இருக்கிறது: இரண்டு பக்கமும் ஓடும். மன்னாரில் 2020 டிசம்பரில் திறந்த தம்பபவனி காற்றாலையில் 30 சுழலிகள், 103.5 மெகாவாட். பூநகரியிலும் நல்ல காற்று. தென்மேற்குப் பருவத்தில் காற்று வெளுத்து வாங்கும்போது விற்கலாம், அடங்கும்போது வாங்கலாம். வாயுக் குழாயில் நாங்கள் எப்போதும் வாங்குகிறவர் மட்டும். கம்பியில் நாங்களும் ஒரு பக்கத்து வியாபாரி. பூட்டுகிறவனுக்கும் நட்டம் வந்தால்தான் பூட்டக் கை கூசும்.

இதை எழுதும்போது மன்னார்ச் சனம் 2025 இல் காற்றாலைகளுக்கு எதிராக வீதிக்கு வந்ததை மறந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். வெள்ளம் வடியும் வாய்க்கால்களை மறித்துப் பாதை போட்டது, வலசைப் பறவைகள், கனிய மணல் அகழ்வு என்று அவர்களுக்குக் காரணங்கள் இருந்தன. வங்காலைச் சரணாலயம் ராம்சார் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் உள்ள இடம். மன்னாரில் 250, பூநகரியில் 234 மெகாவாட் என்று போட இருந்த அதானி நிறுவனம், விலைத் தகராறோடு 2025 பெப்ரவரியில் விலகியது. காற்று எங்களுடையது, கோபுரம் நிற்கும் இடத்தை முடிவு செய்வது கொழும்பு, விலையை முடிவு செய்வது இன்னொருவர் என்றால் சனம் சந்தேகப்படத்தான் செய்யும். தீவின் கரையில் போடாமல் பெருநிலப் பக்கம் போடலாமா, ஊருக்கு அதில் எத்தனை வீதம் என்பதை முதலில் பேசியிருக்க வேண்டும்.

இன்னொரு விடயம் யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. போருக்குப் பிறகு வவுனியாவிலிருந்து கிளிநொச்சி வழியாகச் சுன்னாகத்துக்கு 132 கிலோவோல்ட் கம்பி இழுத்தார்கள். அதற்கு முன்னர் யாழ்ப்பாணம் டீசல் மின்சாரத்தில் இருந்தது, வன்னியின் பெரும்பகுதி இருட்டில். இன்றைக்கும் வடக்குக்குப் பிரதான மின்பாதை அனுராதபுரம், வவுனியா வழியாக வருவதுதான். ஐரோப்பாவின் விதியை எங்களுக்கு வைத்துப் பார்த்தால் வடக்கு பரீட்சையில் சித்தியடையாது. நாட்டுக்கு இரண்டாவது கதவு தேடுகிறவர்கள் வன்னிக்கும் ஒன்று தேட வேண்டும். மாங்குளத்திலோ பரந்தனிலோ மின்சாரத்தைச் சேமிக்கும் ஒரு பெரிய பற்றரி நிலையம், ஏ9 ஓரம் ஒரு எரிபொருள் களஞ்சியம், தோட்டப் பம்புகளுக்குச் சூரிய மின்கலம். குழாயை விட மிக மலிவு, ஆனால் இரண்டு நாட்டுத் தலைவர்கள் கைகுலுக்கிப் படம் எடுக்க இதெல்லாம் போதாது.

திருகோணமலை எண்ணெய்க் குழாய்க்கு நான் எதிரில்லை. அங்கே தாங்கிகள் நிரம்பியிருந்தால் முல்லைத்தீவுக்கும் வவுனியாவுக்கும் பவுசர் கொழும்புப் பக்கம் கொலன்னாவைக் களஞ்சியத்திலிருந்து வரத் தேவையில்லை. ஒப்பந்தத்தில் கப்பலில் இறக்கும் உரிமை கைவிட்டுப் போகாமல் இருக்கிறதா, எத்தனை நாள் கையிருப்பு எங்கள் பெயரில் இருக்கும் என்று இரண்டு வரியைத் தேடிப் பார்ப்பேன். அவை இருந்தால் பூட்டினாலும் மூச்சு விட நேரம் கிடைக்கும்.

கடைசியாகக் காணி. நாகப்பட்டினம், திருகோணமலைப் பாதைக்கு மடு வழியில் வராது. மன்னார்க் கரையில் ஏறும் மின்இணைப்பு வந்தால் அந்தப் பக்கத்தால் கோபுரங்கள் போக வாய்ப்பு இருக்கிறது. ஆனாலும் குழாயைப் பற்றிக் கேட்டபடியால் அக்கரையில் நடந்ததைச் சொல்கிறேன், அதில் எங்களுக்கு வேலை இருக்கிறது.

இந்தியாவில் 1962 ஆம் வருடச் சட்டம் ஒன்று உண்டு. அதன்படி குழாய் போடுகிறவர்கள் காணியை வாங்குவதில்லை, அதன் கீழால் போகும் பயன்பாட்டு உரிமையை மட்டும் எடுக்கிறார்கள். உறுதி உங்கள் பெயரில்தான் இருக்கும். நட்டஈடு சந்தை விலையில் பத்து வீதம். பயிர் அழிந்ததற்கு வேறாகத் தருவார்கள். பிறகு அந்தப் பட்டையில் வீடு கட்டக் கூடாது, கிணறு வெட்டக் கூடாது, ஆழ வேர் விடும் மரம் நடக் கூடாது. நெல் விதைக்கலாம். நெல்லுக்கு இது பெரிய பாதிப்பில்லை, தென்னையும் கிணறும் உள்ளவனுக்குக் காணியே நடுவால் பிளந்த மாதிரி. கொச்சியிலிருந்து பெங்களூருக்கு இந்திய அரசின் வாயு நிறுவனமான கெயில் போட்ட குழாயைக் கொங்கு விவசாயிகள் எதிர்த்தது இதற்காகத்தான். நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுபோங்கள் என்றார்கள். 2013 இல் தமிழக அரசு வேலையை நிறுத்தியது, 2016 பெப்ரவரியில் உச்ச நீதிமன்றம் கெயில் பக்கம் தீர்ப்பளித்தது. 2014 ஜூனில் ஆந்திராவின் நகரம் என்ற கிராமத்தில் வாயுக் குழாய் வெடித்து இருபதுக்கு மேற்பட்டவர்கள் இறந்த பிறகு அந்த விவசாயிகளின் பயத்தை யாரும் வெறும் பிடிவாதம் என்று தள்ளிவிட முடியாது.

எங்கள் பக்கம் 1950 ஆம் வருடக் காணி எடுத்தற் சட்டம் இருக்கிறது. மின்கம்பிக்கு வழியுரிமை, அதாவது காணிக்கு மேலால் கம்பி கொண்டுபோகும் உரிமை, எடுப்பதென்றால் பிரதேச செயலகத்தின் ஊடாக அறிவித்தல் வர வேண்டும், உங்கள் ஆட்சேபத்தைக் கேட்க வேண்டும், நட்டஈடு தர வேண்டும். வன்னியில் சிக்கல் சட்டத்தில் இல்லை, கடதாசியில். வயல்காணி பல பெர்மிட் காணி, அதாவது அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி. பெர்மிட் இறந்துபோன ஒருவரின் பெயரில் இருக்கும், அவருக்குப் பிறகு காணி யாருக்கு என்ற பின்னுரித்தாளரைப் பதிந்திருக்க மாட்டார்கள், மூலப் பிரதி 2009 இல் பங்கருக்குள் போயிருக்கும். அளவையாளர் வந்து நிற்கும் நாளில் இதையெல்லாம் தேடத் தொடங்கினால் நட்டஈட்டுப் பட்டியலில் உங்கள் பெயர் இராது. இன்னொன்று, எல்லைக்கல் நடுவதென்றாலும் கோபுரத்துக்குக் குழி தோண்டுவதென்றாலும் அந்த இடம் கண்ணிவெடி அகற்றிய இடம் என்ற பத்திரத்தைக் கேளுங்கள். அதைக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

ஆகவே தம்பி, குழாய் வருகிறதோ கம்பி வருகிறதோ, அம்மப்பாவின் பெர்மிட் யாருடைய பெயரில் நிற்கிறது என்று இந்த மாதமே பிரதேச செயலகத்தில் போய்ப் பாருங்கள். அவர் இருக்கும்போதே பின்னுரித்தைப் பதியுங்கள். கிணறு, தென்னை, மா, பனை எத்தனை என்று எண்ணி, திகதி தெரியப் படம் எடுத்து வையுங்கள், கிராம அலுவலரிடம் ஒரு உறுதிக் கடிதமும் வாங்கி அதோடு சேர்த்து வையுங்கள். யாராவது வந்து வெள்ளைத்தாளில் கையெழுத்துக் கேட்டால் மட்டும் போட வேண்டாம்.